அக்கா பேசிய ஆறு ஞாயிறுகள்

1

அக்கா போய் ஒரு வருஷம் ஆகிறது. பல்லடத்தில் மாமா திதி கொடுத்துவிட்டுப் படம் அனுப்பியிருந்தார். இலை நிறையப் பலகாரம், மாலை போட்ட அக்கா. இங்கே இங்கிலாந்தில் நான் அரிசிம்பருப்பு சாதம் ஆக்கி, அக்கா படத்தை ஃபிரிட்ஜ் மேல் சாய்த்து வைத்து, முன்னால் ஒரு கிண்ணத்தில் வைத்தேன். புகை பட்டால் அலாரம் கத்தும் என்று ஊதுவத்தி கொளுத்தவில்லை. ஒரு பத்தி கொளுத்த வழியில்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு என்ன பெரிய பிழைப்பு என்று வாய்விட்டே சொன்னேன். என் வீட்டுக்காரர் காதில் விழாதவர் மாதிரி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்.

மகள் மது அன்று கல்லூரியிலிருந்து ரயிலேறி வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் பையிலிருந்து ஒரு கோப்பு எடுத்து என் கையில் கொடுத்தாள். ஸ்கூலில் கடைசி வருஷம் அவள் எழுதிய கட்டுரை. அழகாக அச்செடுத்து, சுருள் கம்பி போட்டுக் கட்டியிருந்தாள்.

"பெரீம்மா இதுல இருக்காங்கம்மா. அவங்க நெனவா நீங்க வெச்சுக்கங்க" என்றாள்.

அதை நான் படிக்காமலேயே இருந்திருக்கலாம்.

2

என்ன கட்டுரை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே பதினாறு வயதுக்கு மேல் மூன்றே மூன்று பாடம் எடுத்து இரண்டு வருஷம் படிக்கிறார்கள். நம் ஊர் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாதிரி. ஏ லெவல் என்று பெயர். மது உயிரியலும் உளவியலும் எடுத்தாள். மூன்றாவதாக வேதியியல் எடுப்பாள் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அவள் எடுத்தது ஆங்கில மொழியும் இலக்கியமும் சேர்ந்த பாடம். மொழிக்குத் தனியாக ஒன்று, இலக்கியத்துக்குத் தனியாக ஒன்று என்றும் வைத்திருக்கிறார்கள். இவள் தேர்ந்தெடுத்தது இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பிசைந்தது.

அக்காவிடம் சொன்னபோது, "இங்கிலீசுக்காரன் ஊர்ல போயி இங்கிலீசா படிக்கறா? நல்ல கூத்து போ" என்று சிரித்தாள். ஆனால் மதுவிடம் அவளே பரிந்து பேசினாள். "நீ படி கண்ணு. உங்கம்மா அப்பிடித்தான். பத்தாவது முடிச்சப்ப டீச்சராகோணும்னா, பன்னண்டாவது முடிச்சப்ப நர்சாகோணும்னா. கடைசீல ரெண்டும் ஆவுல."

அது உண்மைதான். நானும் அக்காவும் கோயமுத்தூர் கணபதியில் அப்பாவின் லேத் பட்டறைக்குப் பின்னாலிருந்த வீட்டில் வளர்ந்தவர்கள். அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். பட்டறைச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசியே பழகிய தொண்டை எங்களுக்கு. கல்யாணமாகி அவள் போனதும் பல்லடத்தில் விசைத்தறி ஓடும் வீட்டுக்கு. என் கல்லூரி விண்ணப்பத்தை வாங்கி வந்து பூர்த்தி செய்தவள் அவள். நான் படித்த படிப்புக்கு இங்கே மதிப்பில்லை என்று ஆனபோது, ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தேன். பதினொரு வருஷமாகக் கிழவர் கிழவிகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறேன்.

மதுவின் பாடத்தில் ஒரு வினோதம் உண்டு. ஒரு நாடகத்தை எப்படி அலசுவார்களோ, அதே கருவிகளை வைத்து மனிதர்கள் சாதாரணமாகப் பேசுவதையும் அலச வேண்டும். பேச்சைப் பதிவு செய்து, திரும்பத் திரும்பக் கேட்டு, அப்படியே எழுத்தில் எடுப்பார்கள். 'ம்', 'உம்' எல்லாம் விடாமல். யார் குறுக்கே பேசினார், யார் நிறுத்தினார், எத்தனை நொடி நிறுத்தினார் என்று அடைப்புக்குறிக்குள் எண் போடுவார்கள். என் மாமியார் ஆயுசுக்கும் இதைத்தான் செய்துகொண்டிருந்தார், யாரும் மார்க்தான் போடவில்லை.

இறுதிக் கட்டுரைக்கு ஒரு நாடகத்தையும் ஒரு நிஜப் பேச்சையும் எடுத்து ஒப்பிட வேண்டும். நாடகம், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எல்லோரும் எதையோ மறைக்கிற ஒரு குடும்பத்தைப் பற்றியது. நிஜப் பேச்சுக்கு மது தேர்ந்தெடுத்தது, ஞாயிறுதோறும் நானும் அக்காவும் போனில் பேசுவதை.

அதற்கும் ஒரு ஒப்புதல் படிவம். பேச்சைப் பதிவு செய்ய எனக்கு முழுச் சம்மதம், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று எனக்குத் தெரியும், இப்படிப் பத்து வரி. அக்கா அதைத் தறிக்கொட்டாய்க்குப் பக்கத்துக் கடையில் அச்செடுத்து, தமிழில் கையெழுத்துப் போட்டுப் படம் அனுப்பினாள்.

"என்ற பேச்சுல என்ன கண்ணு பாடம் இருக்குது?" என்று மதுவிடம் கேட்டாள்.

"இருக்கு பெரீம்மா. நீங்க சும்மா எப்பவும் மாதிரி பேசுங்க."

3

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு நான் போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்படி மேடைமேல் வைப்பேன். பக்கத்தில் மது தன் போனில் பதிவு செய்வாள். நான் அந்த வாரத்து யூனிஃபார்ம்களுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே பேசுவேன். அக்கா வீடியோவில் வர மாட்டாள். "என்ற மூஞ்சியப் பாத்து என்ன பண்ணப்போற? அதே மூஞ்சிதான்" என்பாள்.

அப்படி அக்டோபரிலும் நவம்பரிலும் ஆறு ஞாயிறு.

அந்த நாட்களில் எனக்கு இருந்தது ஒரே நினைப்பு. பத்து வருஷம் விசாமேல் விசாவாக ஒட்டிய பிறகு, இங்கேயே நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்டு விண்ணப்பித்திருந்தோம். வந்து போன ஒவ்வொரு பயணத்தின் தேதியையும் கேட்டார்கள். கணபதி வீட்டில் பெட்டிக்குள் கிடந்த பழைய பாஸ்போர்ட்டை அக்காதான் போய்த் தேடி எடுத்துப் படம் அனுப்பினாள். எல்லாம் கொடுத்த பிறகு ஒரு நிபந்தனை. முடிவு வரும்வரை நாட்டைவிட்டு வெளியே காலெடுத்து வைத்தால், விண்ணப்பம் தானாக வாபஸ் ஆகிவிடும். எழவு வீடானாலும் கல்யாண வீடானாலும் அதே விதி. எத்தனை மாதமாகும் என்று கேட்டால் யாரும் சொல்வதில்லை.

ஆறு ஞாயிறும் நான் இதையேதான் பேசியிருக்கிறேன். அக்கா என்ன பேசினாள் என்று அன்று கேட்டிருந்தால், "எப்பவும் பேசறதுதான்" என்று சொல்லியிருப்பேன்.

4

ஜனவரியில் ஸ்கூலில் பெற்றோர் கூட்டம். வேலை முடிந்து யூனிஃபார்மோடு ஓடினேன். உயிரியல், உளவியல் டீச்சர்கள் ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசினார்கள். ஆங்கில டீச்சர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஐம்பது வயதிருக்கும் அம்மாள். கண் கலங்கியிருந்தது.

"உங்கள் குடும்பம் இப்போது எதைக் கடந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். நீங்கள் ரொம்ப தைரியசாலி" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

மது விசா விஷயத்தை ஸ்கூல் வரைக்கும் கொண்டுபோய்விட்டாளா என்று எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் பல்லைக் காட்டினேன். "பரவாயில்லை, நன்றி. மார்ச்சுக்குள் ஒரு முடிவு தெரிந்துவிடும் என்று நினைக்கிறோம்" என்றேன்.

அந்த அம்மாள் கையை விடாமல் என்னையே பார்த்தார். வெள்ளைக்காரிக்குக்கூட நம் விசாக் கஷ்டம் புரிகிறதே என்று பஸ்ஸில் வரும்போது வீட்டுக்காரருக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.

5

அனுமதி ஏப்ரலில் வந்தது. முதலில் அக்காவுக்குத்தான் சொன்னேன். "இப்ப நிம்மதியா இருக்குது கண்ணு" என்றாள். குரல் கீழே இருந்தது. கேட்டதற்குச் சளி என்றாள்.

"அப்ப அடுத்த வாரமே டிக்கெட் போட்டுட்டு வந்தர்றனுங்கக்கா."

"பொறு. புள்ளைக்குப் பரீட்ச இருக்குதல்லோ. அது முடியட்டும். முடிஞ்சதும் எல்லாருமா வாங்க."

அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஜூலைக்கு டிக்கெட் போட்டோம்.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை நேரத்தில் மாமாவிடமிருந்து போன். அவர் எனக்குத் தனியாகப் போன் பண்ணியதே கிடையாது. இல்லத்தின் பின்பக்கம், குப்பைத் தொட்டிகள் வைக்கும் இடத்துக்குப் போய் எடுத்தேன்.

"அம்மணி, உங்கக்கா காலைல போயிட்டாளுங்க."

"ஏனுங் மாமா, என்ன சொல்றீங்க? போன வாரம் பேசினனே. என்ன ஆச்சு?"

"வவுத்துல கட்டிங்க. போன புரட்டாசிலயே டாக்டரு சொல்லிப்போட்டாரு. உங்ககிட்டச் சொல்லவே கூடாதுன்னு என்ற கையில அடிச்சு சத்தியம் வாங்கிப்போட்டா. நீங்க கெளம்பி வந்தீங்கன்னா விசா போயிரும், அது முடிஞ்சா புள்ள பரீட்ச கெட்டுப்போயிரும்னே சொல்லிட்டிருந்தா. நான் என்ன பண்ணட்டுமுங்க?"

அந்த இடத்தில் நான் அவரைப் பேசிய பேச்சை எழுத முடியாது. பெண்டாட்டியைப் பறிகொடுத்து மூன்று மணி நேரம் ஆகாத மனுஷனை, கேட்டால் நாய்கூடச் சோறு தின்னாத வார்த்தைகளால் திட்டினேன். அவர் "சரிங்க அம்மணி, சரிங்க அம்மணி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

உடனே கிளம்பினாலும் எடுப்பதற்கு முன் போய்ச் சேர முடியாது. வீட்டுக்காரர் ஒன்று சொன்னார். "மதுவுக்கு இன்னும் ரெண்டு பேப்பர் இருக்குது. முடியட்டும்." நானும் தலையாட்டினேன். அக்கா என்னிடம் எட்டு மாதம் செய்ததை நான் என் மகளிடம் ஒன்பது நாள் செய்தேன். காலையில் தோசை சுட்டுப் போட்டேன், பேனா எடுத்தாயா என்று கேட்டேன், அவள் வாசல் தாண்டியதும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

கடைசிப் பரீட்சை முடிந்த அன்று சாயங்காலம் சொன்னேன். அழுதாள். பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நீங்க எவ்வளவு தைரியமா இருந்தீங்கம்மா, இத்தனை நாளா" என்றாள். ஒன்பது நாளைச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

6

கோப்பை நான் படித்தது திதிக்கு மறுநாள். வீட்டுக்காரர் டூட்டிக்குப் போயிருந்தார், மது சிநேகிதியைப் பார்க்கப் போயிருந்தாள். புரியாத சொல்லுக்குப் போனில் அகராதி பார்த்துப் பார்த்துப் படித்தேன். பின்னிணைப்பில் எங்கள் பேச்சு அத்தனையும் ஆங்கில எழுத்தில் இருந்தது. மதுவுக்குத் தமிழ் காதில் விழுந்தால் புரியும், எழுதப் படிக்கத் தெரியாது. வாய்விட்டுப் படித்தால்தான் அது தமிழானது. இரண்டாவது ஞாயிறு இப்படி இருந்தது:

அக்கா: ஏங்கண்ணு (1) உங்கிட்ட ஒரு சேதி சொல்லோணும்
நான், குறுக்கே: அக்கா இந்த விசாக்காரங்க பண்றதக் கேளுங்க, இனி ஊர்ப்பக்கமே வரக்கூடாதாம், வந்தா அத்தனையும் போச்சாம், பத்து வருஷமும் போச்சாம்
அக்கா: (4) அதெல்லாம் நல்லபடியா ஆயிரும் (2) வெசனப்படாதே (1) மது சாப்புட்டாளா

அந்த நாலு நொடியில்தான் அக்கா எனக்குச் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறாள். சொல்லத்தான் போன் பண்ணியிருக்கிறாள். நான் விடவில்லை.

மது எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்தாள். மூன்றாவது ஞாயிறு பின்னணியில் தறிச் சத்தம் இல்லை, ஒரு பெண் எண்களை வரிசையாகக் கூப்பிடுகிறாள், அது மருத்துவமனை. ஒரு சோலியாகக் கோயமுத்தூர் வந்ததாக அக்கா சொல்கிறாள், தங்கை என்ன சோலி என்று கேட்கவில்லை. நாலாவது ஞாயிறிலிருந்து அக்காவின் வாக்கியங்கள் குட்டையாகின்றன, மூச்சு வாங்குகிறது. எப்போதும் பேச்சை முடிக்கும்போது அக்கா "எப்ப வாரே?" என்று கேட்பாள். கடைசி இரண்டு ஞாயிறும் கேட்கவில்லை.

அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்பாடா, இந்த வாரம் கேட்கவில்லை என்று நிம்மதியாகப் போனை வைத்தேன்.

இதெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். கட்டுரையின் மையமே வேறு. மது எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'தங்கை குறுக்கே பேசுவது முரட்டுத்தனம் அல்ல. "எனக்குத் தெரியும், நீங்கள் சிரமப்பட்டுச் சொல்ல வேண்டாம்" என்று அக்காவிடம் சொல்லும் வழி அது. தீராத நோய் இருப்பது இருவருக்கும் தெரியும். இருவரும் அதைச் சொல்வதில்லை. என் அம்மாவின் ஊரில் மரியாதை என்பது அடுத்தவரைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றுவது.' நாடகத்தில் வரும் குடும்பம் பயத்தால் மறைக்கிறது, என் அம்மாவும் பெரீம்மாவும் அன்பால் மறைக்கிறார்கள் என்று முடித்திருந்தாள். பக்கத்தில் டீச்சர் பென்சிலால் இரண்டு கோடு போட்டு, மிக அருமை என்று எழுதியிருந்தார்.

ஐந்தாவது ஞாயிறில் நான் ஆறு நொடி பேசாமல் இருந்திருக்கிறேன். தங்கை துக்கத்தை விழுங்கும் ஆறு நொடி என்று அதற்கு அரைப்பக்க விளக்கம். அது என்ன ஆறு நொடி என்று எனக்குத் தெரியும். யூனிஃபார்ம் கையைத் தீய்த்துவிட்டேன். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, துணியை உதறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காக்கிக் கறை படிந்த சட்டை இன்னும் அலமாரியில் கிடக்கிறது.

இல்லத்தில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லித்தருகிறேன். வலிக்குது என்று சொல்ல மாட்டார்கள், முகத்தைப் பார், மூச்சைக் கேள், சாப்பாட்டை எவ்வளவு மிச்சம் வைக்கிறார்கள் பார் என்று. ஊருக்குச் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

என் அக்கா சாகப்போகிறாள் என்று என் மகளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் டீச்சருக்குத் தெரிந்திருக்கிறது. கட்டுரைக்கு மார்க் போட்ட, பெயர் தெரியாத யாரோ ஒருவருக்கும் தெரிந்திருக்கிறது. அந்தப் பேச்சில் பாதியைப் பேசியவள் நான், எனக்குத் தெரியவில்லை.

7

மது திரும்பி வந்தபோது கோப்பு என் மடியில் திறந்து கிடந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"நான் எழுதினது சரிதானேம்மா? உங்களுக்குத் தெரியும்தானே? நீங்க ரெண்டு பேரும் அதப் பத்திப் பேசக் கூடாதுன்னு இருந்தீங்க. அதான் நானும் உங்ககிட்ட ஒண்ணும் கேக்கல."

இல்லை கண்ணு, எனக்குத் தெரியாது என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் என்ன ஆகும்? நவம்பரிலேயே அந்தச் சேதி அவள் கையில் இருந்தது, அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அம்மா பெரீம்மாவிடம் மனம் விட்டுப் பேசியிருப்பாள், விசா போனால் போகிறதென்று ஓடிப்போய் முகத்தையாவது பார்த்திருப்பாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். பத்தொன்பது வயதுதான் ஆகிறது. ஆயுசுக்கும் அதைச் சுமப்பாள். ஒரு வீட்டில் ஒருத்தி சுமந்தால் போதும்.

"தெரியும் கண்ணு. சரியாத்தான் எழுதியிருக்கற" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். ஆனால் பார்வையை எடுக்கவில்லை. பதில் சொல்ல எனக்கு எத்தனை நொடி ஆனது என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாளோ என்னவோ. கற்றுக்கொண்ட வித்தை அவ்வளவு லேசில் விடாது.

வீட்டுக்காரரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, மதுவிடம் வாயைத் திறக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். ஆனாலும் வெளியே யாரிடமாவது சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. அதனால்தான் ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். ஒரே தைரியம், மதுவுக்குத் தமிழ் படிக்க வராது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஒன்பது வயதுவரை அனுப்பினேன். பிறகு சனிக்கிழமையும் எனக்கு ஷிப்ட் விழுந்தது, நிறுத்திவிட்டேன். "பேசத் தெரிஞ்சாப் போதுமா? நாளைக்கு நான் ஒரு காயிதம் போட்டா அவ படிக்க வேண்டாமா?" என்று அக்கா அதற்காக என்னை ஒரு மாதம் திட்டினாள்.

கோப்பின் கடைசிப் பக்கத்தில் அக்காவின் ஒப்புதல் படிவத்தை மது ஒட்டியிருக்கிறாள். பெரீம்மா போட்ட கையெழுத்தைக்கூடப் படிக்க முடியவில்லையே என்று கல்லூரிக்குத் திரும்பும்போது ரயிலடியில் அழுதாள். போன கையோடு போனில் ஏதோ ஒரு செயலியை இறக்கி, தினமும் அரைமணி நேரம் உட்கார்ந்து எழுத்துப் படிக்கிறாளாம்.

நேற்று ஆங்கில எழுத்தில் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். "பெரீம்மா கையெழுத்து: ச, ர, ஸ், வ, தி. நானே படிச்சுட்டேன்மா. அடுத்து படிக்க ஏதாவது அனுப்புங்க."

இன்னும் பதில் போடவில்லை.